கோணலை நேராக்கிய ஆறு சுருள்கள்

2006ஆம் ஆண்டு ஜனவரியில் ஓர் இரவு, நியூ ஜெர்சியில் நாங்கள் அப்போது குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் 53 அங்குல ரியர் புரொஜெக்ஷன் தொலைக்காட்சியில் நீல நிறம் மட்டும் மற்ற இரண்டு நிறங்களையும் விட்டுவிட்டுத் தனியே போய்விட்டது. வெடிச் சத்தமும் இல்லை, கருகிய வாடையும் இல்லை. செய்தி வாசித்தவரின் தலைக்கு நான்கு விரற்கடை மேலே நீலத்தில் இன்னொரு தலை நின்றது. திரையின் அடியில் ஓடிய எழுத்து வரியின் நீலப் பிரதி இடமிருந்து வலமாக மேலேறிச் சாய்ந்து, நடுவில் துணி காயப்போட்ட கொடிக்கயிறு போலத் தொய்ந்து கிடந்தது. ஊரிலிருந்து ஆறு மாதம் எங்களோடு தங்க வந்திருந்த அம்மா, "ஏண்டா, என் கண்ணாடியை மாத்தணும் போலிருக்கே, எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்று கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் தொலைபேசியில் விசாரித்த பழுதுபார்ப்பவர், நான் அறிகுறிகளைப் பாதி சொல்வதற்குள்ளாகவே "கன்வெர்ஜென்ஸ்" என்றார். மூன்று நிறப் படங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதற்குப் பெயர் அது. வந்து பார்ப்பது, உதிரிபாகம், கூலி எல்லாம் சேர்த்து 425 டாலர் ஆகும் என்றார். தொகை பெரிதுதான். ஆனால் பெட்டியைப் பார்க்காமலே அவர் நோயின் பெயரைச் சொன்ன வேகம் என்னை யோசிக்கவைத்தது. கேட்டமாத்திரத்தில் சொல்லிவிட முடிகிற பழுது, இந்த வகைப் பெட்டிகளுக்கெல்லாம் வருகிற பழுதாகத்தான் இருக்க வேண்டும்; அப்படியானால் அதைச் சரிசெய்யும் வழியும் பலருக்குத் தெரிந்ததாகவே இருக்கும். மின்னணுவியல் படித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்த எனக்கு, பத்தாண்டுகளாகத் தொடாத சால்டரிங் அயர்னை மறுபடி எடுக்க அந்தக் காரணம் போதுமானதாக இருந்தது.

இந்தப் பெட்டிகள் கண்ணில் படுவது இப்போது அரிதாகிவிட்டது என்பதால், உள்ளே இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியே பார்க்க ஓர் அலமாரி; முன்பக்கத்தில் திரை, பின்பக்கச் சாய்வில் ஒரு பெரிய முகம்பார்க்கும் கண்ணாடி, அடிப்பகுதியில் அந்தக் கண்ணாடியை நோக்கியபடி வரிசையாக மூன்று படக்குழாய்கள். ஒவ்வொன்றும் 7 அங்குலக் குழாய். அக்காலச் சாதாரணக் குழாய்த் தொலைக்காட்சியில் மூன்று நிறப் பொட்டுகளும் ஒரே குழாயின் முகத்தில் இருந்தன. இங்கே ஒரு குழாய் சிவப்பில் மட்டும், ஒன்று பச்சையில் மட்டும், ஒன்று நீலத்தில் மட்டும் ஒளிரும். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு லென்ஸ் இருக்கிறது. மூன்று லென்ஸ்களும் தத்தம் படத்தை ஏறத்தாழப் பத்து மடங்கு பெரிதாக்கிக் கண்ணாடியில் அடிக்க, அது திரும்பித் திரையின் பின்முதுகில் விழுகிறது. மூன்று படங்களும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் பொருந்தினால்தான் பார்ப்பவருக்கு ஒரே வண்ணப்படம். குழாயின் முகத்தில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் திரையில் அது ஒரு மில்லிமீட்டராகிவிடும். வெள்ளை எழுத்தின் ஓரத்தில் சிவப்புக் கரை தெரிய அவ்வளவே போதும்.

சிக்கல் என்னவென்றால், மூன்று குழாய்களும் ஒரே இடத்தில் இருக்க முடியாது. பச்சை நடுவில் இருந்துகொண்டு திரையை நேராகப் பார்க்கிறது. மற்ற இரண்டும் இருபுறமும் ஒதுங்கி நின்று உட்புறமாகத் திரும்பியிருக்கின்றன. சுவருக்கு நேரே நின்று டார்ச் அடித்தால் வட்டமாக விழுகிற வெளிச்சம், பக்கவாட்டில் நின்று அடித்தால் ஒருபுறம் இழுபட்ட முட்டையாக விழுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே காரணத்தால், பக்கத்துக் குழாய் அனுப்புகிற செவ்வகம் திரையில் சரிவகமாக விழுகிறது: ஒரு பக்கம் உயரம் கூடியும் மறுபக்கம் குறைந்தும். லென்ஸும் வளைந்த குழாய் முகமும் தம் பங்குக்கு ஓரங்களை வளைக்கின்றன. நேரே பார்க்கிற பச்சைக்குக்கூட இந்த வளைவிலிருந்து விடுதலை இல்லை.

இதை ஒளியியலால் முழுமையாகத் திருத்த முடியாது என்பதால் மின்சாரத்தால் திருத்துகிறார்கள். ஒவ்வொரு குழாயின் கழுத்திலும், எலெக்ட்ரான் கற்றையை வரிவரியாக ஓட்டுகிற வழக்கமான யோக் சுருளுக்குப் பின்னால், கன்வெர்ஜென்ஸ் யோக் என்று இன்னொரு சிறிய சுருள் மாட்டப்பட்டிருக்கும். அதில் கிடைமட்டத்துக்கு ஒன்று, செங்குத்துக்கு ஒன்று என இரண்டு சுற்றுகள். மூன்று குழாய்க்கும் சேர்த்து ஆறு. கற்றை திரையில் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்துக்கு வேண்டிய சிறு தள்ளலை இந்த ஆறு சுருள்களும் அந்தந்தக் கணத்தில் கொடுக்க வேண்டும்.

அந்தத் தள்ளல்களின் வடிவம் எனக்கு இன்றும் அலுக்காத விஷயம். கற்றை இடமிருந்து வலமாக ஓடும்போது சீராக ஏறி, வரி முடிந்ததும் சட்டென விழுகிற ரம்பப்பல் அலையைச் செங்குத்துச் சுருளுக்குக் கொடுத்தால் கிடைக்கோடு சாய்கிறது. அதற்குப் பதிலாகப் பரவளைய வடிவ அலையைக் கொடுத்தால் கோடு வில்லாக வளைகிறது. வரி வேகத்தில் ஓடும் ரம்பப்பல்லையும், படம் மேலிருந்து கீழே இறங்கும் வேகத்தில் ஓடும் இன்னொரு ரம்பப்பல்லையும் பெருக்கிக் கொடுத்தால், மேலே உள்ள கோடு ஒருபுறமும் கீழே உள்ள கோடு மறுபுறமும் சாய்ந்து சரிவகம் பிறக்கிறது. ஆகவே பிறந்த சரிவகத்தை அழிக்க, அதற்கு எதிர்த்திசைச் சரிவகத்தைச் செய்து ஏற்றினால் போதும். பழைய பெட்டிகளில் இந்த அலைகளை ஒவ்வொன்றாகக் குமிழ் திருகிக் கலந்தார்கள். 1972இல் ஹென்றி குளாஸின் அட்வென்ட் நிறுவனம் வீட்டுக்கென்று கொண்டுவந்த வீடியோபீம் என்ற மூன்று குழாய்ப் படவீழ்த்தியிலிருந்தே, மூன்று நிறங்களைப் பொருத்துவது இவ்வகைப் பெட்டியோடு ஒட்டிப் பிறந்த வேலை. என்னுடையது போன்ற பிற்காலப் பெட்டிகளில், திரையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சந்திப்புக்கும் எவ்வளவு தள்ள வேண்டும் என்ற எண்ணை ஒரு நினைவகச் சில்லில் எழுதிவைத்திருப்பார்கள். இடைப்பட்ட இடங்களுக்கான அளவைக் கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும் வேலை டிஜிட்டல் சுற்றினுடையது.

அந்தச் சில்லிலிருந்து வரும் மெல்லிய குறிப்பைச் சுருளை ஓட்டும் அளவுக்கு வலுப்படுத்த ஆறு பெருக்கிகள் வேண்டும். எங்கள் பெட்டியில் அவை மூன்று மூன்றாக இரண்டு பெரிய ஐசிகளுக்குள் (பல மின்னணு உறுப்புகளை ஒரே பொதியில் அடக்கியவை) இருந்தன. எஸ்டிகே 392 என்று தொடங்கும் எண் கொண்ட, 18 கால்கள் உள்ள கலப்பின ஐசிகள். ஒரு சுருளின் பெருக்கி நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பது இப்போது தெளிவாகியிருக்கும். அன்றிரவு நாங்கள் பார்த்த வளைவும் சாய்வும் புதிதாக முளைத்தவை அல்ல. அது நீலக் குழாயின் பிறவிக் கோணல். பெட்டி கடையிலிருந்து வந்த நாள் முதல், ஒரு நொடி விடாமல் யாரோ அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அன்று கையை விட்டார்கள். படத்தை நடுவில் நிறுத்துகிற நேர்மின்னோட்டமும் அதே சுருள் வழியாகப் போவதால், நீலம் வளைந்ததோடு நில்லாமல் மேலேயும் ஏறிவிட்டது.

இதைப் புரிந்துகொண்டால், பின்மூடியைத் திறப்பதற்கு முன்பே பாதி நோயறிதல் முடிந்துவிடும். கட்டங்கள் கொண்ட படத்தை வரவழைத்து, எந்த நிறம், எந்தக் கோடுகள் என்று பார்க்க வேண்டும். எங்கள் பெட்டியில் நீலத்தின் கிடைக்கோடுகள் மட்டுமே கெட்டிருந்தன. செங்கோடுகள் இடவலமாக இம்மியும் நகரவில்லை. ஆகவே ஆறில் இறந்தது ஒன்று, அது நீலத்தின் செங்குத்துப் பெருக்கி.

இவ்வளவையும் நான் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் நாள் இரவு நான் செய்தது, பெரும்பாலோர் செய்கிற அதே தவறு. ரிமோட்டில் பட்டியலை (மெனுவை) திறந்து, உரிமையாளருக்கென்று கொடுத்திருந்த கன்வெர்ஜென்ஸ் பக்கத்துக்குப் போய், நீலக் கூட்டல் குறியைக் கீழே இறக்க அம்புக்குறிப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். எண் எல்லையைத் தொட்டு நின்றது, படம் அசையவில்லை. செத்த பெருக்கியிடம் எவ்வளவு கெஞ்சினாலும் அது கேட்கப்போவதில்லை. ஆனால் நான் மாற்றிய எண் மட்டும் நினைவகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பழுதுபார்த்து முடித்த நாளில், நீலம் எதிர்ப்புறமாகத் தரையை நோக்கி ஓடியதைக் கண்டு புதிய ஐசியும் போய்விட்டதோ என்று பதறியது அதனால்தான். கோடு வளைந்திருந்தால் பட்டியலைத் தொடாதீர்கள். அது சிறு நகர்வுக்கான மருந்து.

பெட்டியைத் திறப்பது பற்றிச் சுருக்கமாகவும் அழுத்தமாகவும் சொல்ல வேண்டும். படக்குழாயின் நேர்மின்முனையில் 30,000 வோல்ட் அளவில் மின்னழுத்தம் இருக்கும். மின்வழங்கிப் பலகையில் உள்ள பெரிய கண்டன்சர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டத்தை வைத்திருக்கக்கூடும். பிளக்கைப் பிடுங்கி, ஓர் இரவு முழுவதும் அப்படியே விட்டு, மறுநாள் மல்டிமீட்டரால் கண்டன்சர்களை அளந்து, அதன் பிறகும் சிவந்த தடித்த கம்பிகள் பக்கம் போகாமல் வேலை செய்தேன். இடது கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் அளந்தேன். கோமாளித்தனமாகத் தோன்றலாம், இரண்டு கைகளும் உள்ளே இருந்தால் மின்னோட்டத்துக்கு நெஞ்சு வழியாகப் பாதை கிடைத்துவிடும். இவ்வகை வேலையில் பழக்கமில்லாதவர்கள் 425 டாலர் கொடுப்பதே மலிவு.

திறந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது ஐசியை அல்ல, குழாய்களுக்கு அடியில் உள்ள பலகைகளை. குழாயின் முகம் கடுமையாகச் சூடாவதால், அதற்கும் லென்ஸுக்கும் நடுவே எத்திலீன் கிளைக்கால் கலந்த ஒரு குளிர்விப்புத் திரவம் நிரப்பப்பட்டிருக்கும். முத்திரை வளையம் தளர்ந்து அது கசிந்தால், பிசுபிசுப்பாக வழிந்து கீழே உள்ள பலகையில் சொட்டி, செம்புத் தடங்களை அரித்துவிடும். அப்படிக் கசிந்திருந்தால் ஐசியை மாற்றிப் பயனில்லை. கசிவை நிறுத்தும்வரை புதியதும் அதே கதிக்கு ஆளாகும். எங்கள் பெட்டியில் கசிவு இல்லை. ஆறு ஆண்டுத் தூசி மட்டும் விரல் கனத்துக்கு இருந்தது.

கன்வெர்ஜென்ஸ் பலகையைக் கண்டுபிடிப்பது எளிது: சூட்டை வெளியேற்றும் பெரிய அலுமினிய ஹீட் சிங்க்கில் இரண்டு கறுப்பு ஐசிகள் பக்கத்தில் பக்கத்தில் திருகப்பட்டிருக்கும், மூன்று யோக்குகளிலிருந்தும் வரும் கம்பிகள் அதே பலகையில் வந்து செருகியிருக்கும். நான் கம்பிகளைப் பிடுங்குவதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் தாள் ஒட்டிப் பெயர் எழுதினேன். சிவப்பு யோக்கின் கம்பியை நீலத்தின் இடத்தில் செருகிவிட்டால், பழுதுபார்த்த பிறகு இன்னொரு பழுதைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

பலர் இங்கே ஐசியை மட்டும் மாற்றிவிட்டு ஏமாந்துபோகிறார்கள். சுருள் வழியாகப் போகும் மின்னோட்டம், சுற்றின் தரையை (கிரவுண்டை) அடைவதற்கு முன் சில ஓம் மட்டுமே உள்ள ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகிறது. அதன் குறுக்கே தோன்றும் மின்னழுத்தத்தைப் பார்த்துத்தான் பெருக்கி தான் கொடுக்கும் அளவு சரியா என்று தெரிந்துகொள்கிறது. ஐசி உள்ளே ஷார்ட் ஆகிச் சாகும்போது முழு மின்னழுத்தமும் அந்த ரெசிஸ்டர்மேல் விழுந்து அதையும் கொண்டுபோய்விடும். சில சமயம் வெளியே கருகிய அடையாளமே இராது. புதிய ஐசியை வைத்து, ரெசிஸ்டர் அறுந்திருந்தால், பெருக்கிக்குத் தன் வேலையின் விளைவு தெரியாமல் போய்ப் படம் முன்பைவிட மோசமாகும். ஆகவே யோக் கம்பிகளைப் பிடுங்கிய நிலையில், ஐசிகளைச் சுற்றியுள்ள எல்லாச் சிறு ரெசிஸ்டர்களையும், ரெசிஸ்டரைப் போலவே உருவம் கொண்ட ஃப்யூஸ்களையும் ஒவ்வொன்றாக அளந்தேன். மீட்டர் கம்பிகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொடவைத்து, கம்பிகளின் சொந்தத் தடையை முதலில் பார்த்துக் கழித்துக்கொள்ள வேண்டும். 1 ஓம், 2 ஓம் அளக்கும் இடத்தில் அந்தக் கால் ஓம் பிழை பெரிது. இரண்டு ரெசிஸ்டர்களும் ஒரு ஃப்யூஸும் போயிருந்தன.

ஐசிகளைக் கழற்றியதும், அவற்றின் முதுகில் பூசியிருந்த வெள்ளைப் பசை காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. இவை ஏன் சாகின்றன என்பதற்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது. ஒலிபெருக்கியில் உள்ளதைப் போன்ற நேரியல் பெருக்கிகள் இவை. வாங்கும் மின்திறனில் கணிசமான பகுதியைச் சூடாக்கியே கழிக்கின்றன. பாட்டு மெல்ல ஒலிக்கும்போது ஒலிபெருக்கிக்கு ஓய்வு உண்டு. திரையில் கும்மிருட்டுக் காட்சி ஓடினாலும் குழாயின் கோணல் மாறுவதில்லை என்பதால், கன்வெர்ஜென்ஸ் பெருக்கிக்கு அந்த ஓய்வும் கிடையாது. பசை காய்ந்து சூடு வெளியேறாமல் போவதும், தினமும் சூடாகி ஆறுவதும் சேர்ந்து உள்ளே உள்ள இணைப்புகளைத் தளர்த்துகின்றன.

இரண்டு ஐசிகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பது என் திடமான கருத்து. ஒரே ஹீட் சிங்க்கில் ஒரே சூட்டில் ஆறு ஆண்டு கிடந்தவை அவை. ஒன்று போனால் மற்றதும் வரிசையில் நிற்கிறது. இவ்வளவு தெரிந்தும் நான் சறுக்கிய இடம் வாங்கியதில். இணையத்தில் இரண்டும் சேர்த்து 14 டாலருக்குக் கிடைத்தன. அசலைப் போலவே எழுத்து அச்சிட்டிருந்தது. 11 மணி நேரம் ஓடின. பன்னிரண்டாவது மணியில் இம்முறை சிவப்பும் நீலமும் சேர்ந்தே போயின, கூடவே புதிதாக வைத்த ரெசிஸ்டர் ஒன்றும். ஆத்திரத்தில் போலியையும் பழைய அசலையும் மேல் மூடி பெயர்த்துப் பார்த்தேன். அசலில் அலுமினியத் தகட்டின் மேல் செம்புத் தடங்கள், அவற்றின் மேல் தடித்த செம்புத் துண்டுகளில் அமர்த்திய டிரான்சிஸ்டர் சில்லுகள். போலியில் அதே இடங்களில் பாதி அளவுகூட இல்லாத சில்லுகள். அடுத்த ஜோடியை, மின்னணு உதிரிபாகங்கள் மட்டுமே விற்கும் ஓர் இடத்தில், ரெசிஸ்டர்களும் பசையும் சேர்ந்த பொட்டலமாக 62 டாலருக்கு வாங்கினேன்.

கால்களைப் பிரித்தெடுப்பதற்கு அவசரம் ஆகாது. பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புதிய ஈயத்தை உருக்கி ஊற்றி, பிறகு உறிஞ்சு பம்பால் எடுத்தால் சுத்தமாக வந்துவிடும். மிச்சத்தைச் செம்புப் பின்னலால் ஒற்றியெடுக்கலாம். ஒரு கால் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஐசியை இழுத்தால் தடம் பலகையோடு பெயர்ந்துவிடும். எனக்கு இரண்டாம் முறை ஒரு தடம் பெயர்ந்தது. மெல்லிய கம்பி வைத்துப் பாலம் போட்டேன். புதியதைப் பொருத்தும்போது, ஹீட் சிங்க்கில் பசை தடவித் திருகி முடித்த பிறகே கால்களைப் பற்றவைத்தேன். மாற்றிச் செய்தால் திருகு இறுகும்போது கால்கள் இழுபட்டு, மாதங்கள் கழித்து ஈயத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். பசை மெல்லிய படலமாக இருந்தால் போதும். ரொட்டியில் வெண்ணெய் தடவுவதுபோல் அள்ளி அப்பினால் அதுவே சூட்டைத் தடுக்கும். 'சும்மா ஒரு நொடி பார்க்கலாம்' என்று ஹீட் சிங்க்கில் திருகாமல் மின்சாரம் கொடுத்தவர்கள், அந்த ஒரு நொடியிலேயே ஐசியைப் பறிகொடுத்திருக்கிறார்கள்.

படம் வந்தது. கோடுகள் நிமிர்ந்தன. ஆனால் மூன்று நிறங்களும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரவில்லை. திரையின் நடுவில் அரைக்கால் அங்குலமும் ஓரங்களில் அதற்கு மேலும் விலகியிருந்தன. புதிய ஐசியும் புதிய ரெசிஸ்டரும் பழையதைப் போல அச்சாக இருப்பதில்லை என்பதால் இது எதிர்பார்க்க வேண்டியதே. என் கணக்கில், சால்டரிங் வேலை மூன்றில் ஒரு பங்கு, பொறுமை மீதி.

பழுதுபார்ப்பவர்களுக்கான சர்வீஸ் பட்டியலுக்குள் நுழைந்தவுடன் எதையும் தொடாமல் ஒவ்வொரு பக்கத்தையும் கேமராவில் எடுத்துக்கொண்டேன். எங்கள் பெட்டியில் ஒரு தவறான கட்டளை, சேமித்த எண்களை அழித்து முதல் நிலைக்குக் கொண்டுபோய்விடும். பெட்டியை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்கிய பிறகே வேலையைத் தொடங்கினேன்; குளிர்ந்த பெட்டியில் பொருத்திய நிறங்கள் சூடானதும் நகர்ந்துவிடும். முதலில் ஃபோகஸ்: லென்ஸின் பக்கத்தில் உள்ள காதுத் திருகைத் தளர்த்தி, லென்ஸைத் திருப்பி, கோட்டைக் கூர்மையாக்கி, மறுபடி இறுக்க வேண்டும். லென்ஸைத் திருப்பினால் படத்தின் அளவும் சற்று மாறும் என்பதால், இதைக் கன்வெர்ஜென்ஸுக்குப் பிறகு செய்தால் செய்த வேலையெல்லாம் வீண்.

அடுத்து பச்சை. சிவப்பையும் நீலத்தையும் அணைத்துவிட்டுப் பச்சைக் கட்டங்களை மட்டும் நேராக்க வேண்டும், ஏனென்றால் மற்ற இரண்டும் பச்சையைப் பார்த்தே பொருத்தப்படும். பச்சை கோணினால் மூன்றும் ஒற்றுமையாகக் கோணும். பச்சையை எதைப் பார்த்து நேராக்குவது? தயாரிப்பாளர்கள் இதற்கென்று கட்டம் அச்சிட்ட தாள் வைத்திருந்தார்கள்; எனக்குக் கிடைக்கவில்லை. அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூல் எடுத்து, திரையின் சட்டத்தில் பென்சிலால் சம இடைவெளியில் குறித்து, குறுக்கும் நெடுக்குமாக நூலை இழுத்து ஒட்டினேன். நூல் திரையை ஒட்டிக் கிடக்க வேண்டும், கண்ணை ஒவ்வொரு சந்திப்புக்கும் நேரே கொண்டுபோக வேண்டும். சாய்ந்து பார்த்தால் நூல் ஓரிடத்திலும் கோடு ஓரிடத்திலும் தெரியும். "பூக்கட்டுற மாதிரியில்ல இருக்கு" என்று அம்மா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

திருத்தம் மூன்று அடுக்குகளில் நடந்தது: முதலில் 9 புள்ளிகள், பிறகு 35, கடைசியில் 117. நேராக 117க்குப் போய்விடலாம் என்ற ஆசை வரும், ஆனால் போகக் கூடாது. பெரிய பிழையைச் சிறிய புள்ளிகளால் திருத்தினால், ஒரு புள்ளியை இழுத்ததும் பக்கத்துப் புள்ளிகள் நடுவே கோடு நெளியத் தொடங்கி, கடைசியில் திரை முழுவதும் மழைநீர் ஓடிய மணல்போல் அலை விழும். முதல் இரவு எனக்கு விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி 9இலிருந்து தொடங்கினேன். நடுவிலிருந்து வெளிப்புறமாகவே போக வேண்டும். மூலைகளில் கடைசி அரை மில்லிமீட்டரை விட்டுவிட்டேன். படம் பார்க்கிறவர்கள் யாரும் மூலையைப் பார்ப்பதில்லை.

இரண்டாம் இரவு சிவப்பு. பச்சையின் மேல் சிவப்பு சரியாக உட்கார்ந்தால் கோடு மஞ்சளாகும்; பிசகினால் இரண்டும் தனித்தனியே தெரியும். இது இன்பமான வேலை, கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். மூன்றாம் இரவு நீலம், அது அவ்வளவு எளிதன்று. நீலத்தைப் பச்சையின் மேல் வைத்தால் கோடு வெளிர் பசுநீலமாக வேண்டும்; ஆனால் நம் கண் நீலத்தின் ஓரத்தைக் கூர்மையாகப் பார்க்காது. மேலும் குழாய் முகத்தில் பூசிய நீல ஒளிர்பொருளான பாஸ்பர் சீக்கிரமே தெவிட்டி, கற்றையைக் கூட்டினாலும் வெளிச்சம் அதற்கேற்பக் கூடாமல் போய்விடும் என்பதால், போதிய வெளிச்சம் பெற நீலத்தை வேண்டுமென்றே சற்று மங்கலாக ஃபோகஸ் செய்திருப்பார்கள். ஆகவே நீலக் கோடு எப்போதும் தடித்தே தெரியும். அதன் ஓரத்தை விட்டுவிட்டு நடு அச்சைப் பச்சையின் மேல் வைக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்வதற்கு முன் ஒரு மணி நேரம் இல்லாத கூர்மையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்தது என்று நூலை அவிழ்க்கப் போன நேரத்தில், உயர்தெளிவு அலைவரிசைக்கு மாற்றினால் நிறங்கள் மறுபடி விலகி நின்றன. 480 வரிப் படத்தை 31.5 கிலோஹெர்ட்ஸிலும் (நொடிக்கு 31,500 வரிகள்) 1080 வரிப் படத்தை 33.75 கிலோஹெர்ட்ஸிலும் வரைகிற பெட்டி அது. இரண்டுக்கும் தனித்தனிக் கன்வெர்ஜென்ஸ் எண்கள். நான்காம் இரவும் ஐந்தாம் இரவும் அதற்குப் போயின.

திரையின் ஓரங்களில் ஒளி உணரிகளை வைத்து, பொத்தானை அழுத்தினால் தானே பொருத்திக்கொள்கிற பெட்டிகளும் இருந்தன. ஹிட்டாச்சி அதற்கு மேஜிக் ஃபோகஸ் என்றும், சோனி ஃப்ளாஷ் ஃபோகஸ் என்றும் பெயர் வைத்திருந்தன. நல்ல வசதிதான். ஆனால் அவையும் ஒருமுறை கையால் செய்த பொருத்தத்தை நினைவில் வைத்துக்கொண்டு அதற்குத் திரும்புகின்றனவே தவிர, செத்த பெருக்கிக்கு உயிர் கொடுப்பதில்லை.

அந்தப் பெட்டி அதன் பிறகு ஐந்து ஆண்டு ஓடியது. 2011இல் நாங்கள் வேறு வீட்டுக்குப் போனபோது மாடிப்படியில் ஏறாது என்பதால் ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டோம். நான்கு பேர் தூக்கி வண்டியில் ஏற்றினோம். அன்றிரவே அவர் தொலைபேசியில் அழைத்தார். "சார், வர்ற வழியில எங்கேயோ இடிச்சுட்டோம் போல, எழுத்துக்கெல்லாம் சிவப்புக் கரை தெரியுது" என்றார். கோடு வளைந்திருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, நேராகத்தான் இருக்கிறது, சற்றுத் தள்ளி நிற்கிறது என்றார். எங்கள் வீட்டில் பெட்டி வடக்கு பார்த்து நின்றது, அவர் வீட்டில் கிழக்கு பார்த்து வைத்திருந்தார். பூமியின் காந்தப்புலம் எலெக்ட்ரான் கற்றையைச் சற்று இழுக்கும்; திசை மாறினால் இழுப்பும் மாறும். அரை மணி நேரம் ஓடவிட்டு, இப்போதுதான் அந்த உரிமையாளர் பட்டியலைத் திறக்க வேண்டும் என்றேன். சிவப்புக் குறியை இடப்பக்கம் இரண்டு தட்டு, நீலத்தை மேலே ஒன்று. குறி வெள்ளையாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, "சட்டத்து ஓரமெல்லாம் பென்சில்ல கோடு கோடா இருக்கே சார், அழிச்சிரலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.